இரண்டு கையும் நீட்டினால்

துறைமுகத்தில் சிக்னல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி யூனியன் ஆபீசில் கேட்டார்கள். ரிட்டயர் ஆனவன் வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்று தெரிந்தும் கேட்டிருக்கிறார்கள், அது உங்கள் தலையெழுத்து. எந்தக் கையை எப்படி அசைத்தால் கிரேன் என்ன செய்யும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் படம் போட்டிருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். அதில் படித்த முதல் பாடத்தையே ஓர் ஆஸ்பத்திரி வார்டில் மறந்துவிட்டு நின்றேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். கப்பல் கதை வேண்டும் என்பவர்களுக்கு முதலில் ஒரு கப்பல் கதையும் உண்டு.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம். கப்பலின் அடிக்கிடங்கிலிருந்து இரும்புத் தகட்டுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தோம். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். கிடங்குக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கிடங்கின் வாயோரம் நிற்கிற நாம் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினால், அதை நம்பி அவர் தூக்குவார். எங்கள் கிரேனில் இருந்தவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "மேல கீறவரு" என்றுதான் சொல்வோம். கோயிலில் இருக்கிறவரைவிட அவருக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம்.

அன்றைக்கு மாலைக்குள் கப்பல் கிளம்ப வேண்டும் என்று மேஸ்திரி என் காதுக்குள் கத்திக்கொண்டே இருந்தார். கீழே கொக்கி மாட்டிய நாலு பேரில் மூன்று பேர் ஒதுங்கியதைப் பார்த்தேன். நாலாவது ஆளும் ஒதுங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுற்றினேன். தூக்கு என்று அர்த்தம். கட்டு ஒரு சாண் எழும்பியதும் கப்பல் தளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். கட்டு அப்படியே நின்றது. நாலாவது ஆள் அதற்குப் பின்னால் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று.

மேலே இருக்கிறவர் ஏணியில் இறங்கி நேராக என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அவன் நவுந்துட்டான்னு நினைச்சியா, பாத்தியா?"

"நினைச்சேண்ணே."

"கஸ்மாலம். நினைக்கிறதுக்கு நான் மேலயே குந்திகினு நினைச்சிக்குவேனே, நீ இன்னாத்துக்குடா?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "கேட்டுக்கோ. தூக்குன்னு நீ ஒருத்தன்தான் சொல்லணும். வேற எவன் சொன்னாலும் நான் தூக்க மாட்டேன். நிறுத்துன்னு யாரு வோணா சொல்லலாம். பெருக்க வந்த அக்கா சொன்னாலும் நிறுத்துவேன். இன்னா ஏதுன்னு அப்பால கேட்டுக்கலாம்."

அவ்வளவுதான் பாடம். அதற்குப் பிறகு முப்பது வருஷம் என் கையால் ஒருவருக்கும் அடிபடவில்லை. அந்தத் தலைக்கனத்தோடுதான் ரிட்டயர் ஆனேன்.

இனி வீட்டுக் கதை. என் மனைவி பெயர் ரோசி. ராயபுரத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். காசிமேட்டிலிருந்து காலையில் மீன் கொண்டு வருகிற அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற மாட்டார். அதனால் ரோசி பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவாள். கீழே கரண்ட் கம்பி, கேபிள் கம்பி, எதிர்வீட்டு வாசலில் நிற்கும் பைக். நான் தெருவில் நின்று இறக்கு, மெதுவாக, நிறுத்து, தூக்கு என்று கையைக் காட்டுவேன். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு அதுவே எங்கள் பாஷை ஆகிவிட்டது. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட, எனக்குத் தூக்கம் வந்து தலை சாய்ந்தால், பெண்கள் பக்கத்திலிருந்து "தூக்கு" என்று விரலைச் சுற்றுவாள்.

நான் ரிட்டயர் ஆன மறுவருஷம் அவள் கழுத்தில் நெறி கட்டியது. பல்வலியால் என்று நினைத்தோம். சதையை எடுத்துப் பரிசோதித்து, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி வார்த்தை எனக்குக் காதில் விழவில்லை. ரோசிக்கு விழுந்திருக்கிறது. வெளியே வந்ததும், "ஆறு தபாதானே, ஆவட்டும். கூடையை எங்கனா பத்திரமா மாட்டி வை," என்றாள். சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

செய்தி தெரிந்ததும் வீடு நிறைய ஆள். மச்சான் ஒரு கஷாயத்தோடு வந்தார். மாடிவீட்டு அம்மா பப்பாளி இலையை அரைத்துக்கொண்டு வந்தார். கோயிலிலிருந்து வந்தவர் கறி கூடாது என்றார், மறுநாள் வந்தவர் கறிதான் கொடுக்க வேண்டும் என்றார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நான் எழுந்து நின்று சொன்னேன். "ஒரு பாரத்துக்கு ஒரு சிக்னல்மேன்தான். டாக்டராண்ட நான் மட்டும் பேசுவேன். டாக்டர் சொல்றது மட்டும் நடக்கும். மத்தவங்க எல்லாம் வந்து பாத்து சிரிச்சிட்டு போங்க, போதும்." மச்சானுக்குக் கோபம். ஆனாலும் அது சரியான முடிவு என்று இன்றைக்கும் சொல்வேன். உங்களில் யாருக்காவது இந்த நிலைமை வந்தால் இதையே செய்யுங்கள்.

முதல் மூன்று தடவை ஒழுங்காகப் போயிற்று. முடி கொட்டியது, வாந்தி எடுத்தாள், என் சமையலைத் திட்டினாள். திட்டுகிறாள் என்றால் தெம்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகள் வயதிருக்கும். ஒரு நாளைக்கு அத்தனை கட்டில்களையும் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷம் நின்று டீ குடிக்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது. ஒவ்வொரு கட்டிலிலும் கேட்பார், "காய்ச்சல் இருந்துச்சா? வயித்துப்போக்கு? மூச்சு வாங்குதா?" நான் பதில் சொல்வேன். வீட்டுக்குப் போகும்போது ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் நூறைத் தாண்டினால் எந்த நேரமானாலும் உடனே வர வேண்டும், தாங்களாக மாத்திரை போடக் கூடாது என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவனும் நான்தான்.

பக்கத்துக் கட்டிலில் எண்ணூரிலிருந்து ஓர் அம்மா வருவார். எங்களுக்கும் அவருக்கும் ஒரே தேதி. இரண்டு தடவை ரத்தத்தில் அணு குறைவு என்று அவருக்கு மருந்தைத் தள்ளி வைத்தார்கள். மூன்றாவது முறை நாங்கள் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வராந்தாவில் ஒருவர், தேதி தள்ளிப்போனால் கட்டி திரும்ப வளர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குள் இரண்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டன. தேதி தள்ளினால் ஆள் போய்விடும். கப்பலை நேரத்துக்குக் கிளப்பியே வயதாகிப்போனவனுக்கு இது நன்றாகவே மண்டையில் ஏறியது.

நாலாவது தடவைக்கு முன்னால் ரோசிக்கு வாயெல்லாம் புண். நாக்கை அசைத்தாலே கண்ணில் தண்ணீர் வரும். கொப்பளிக்க மருந்து கொடுத்திருந்தார்கள். பேசுவதைக் குறைத்துக்கொண்டு கையிலேயே எல்லாம் சொன்னாள். முதல் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனை பரவாயில்லை என்று வந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் எழுப்பப் போய் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. தெர்மாமீட்டர் வைத்தேன், நூற்றி ஒன்று.

ஃபிரிட்ஜ் கதவைப் பார்க்காமல் அதைத் திறந்து தண்ணீர் எடுத்தேன். காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து அவளிடம் நீட்டினேன். என்னைப் பார்த்தாள். புண் வாயோடு மெதுவாகக் கேட்டாள். "டாக்டராண்ட சொல்லிடுவியா?"

"சொல்றேன், சொல்றேன். நீ குடி."

குடித்தாள். என்னை நம்பித்தான் குடித்தாள்.

ஆட்டோ கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நகர்ந்தது. வழியெல்லாம் அவள் நெற்றியைத் தொட்டுக்கொண்டே போனேன். வேர்த்து, சூடு இறங்கிவிட்டது. வார்டில் நர்ஸ் வைத்துப் பார்த்தபோது சரியான அளவு. எனக்கு ஒரே சந்தோஷம். உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன், கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாகத்தான் நினைத்தேன். இடது கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். அடுத்து டாக்டர் பார்த்துச் சொன்னதும் மருந்துப் பை மாட்ட வேண்டியதுதான்.

டாக்டர் வந்தார். "காய்ச்சல் ஏதாச்சும் இருந்துச்சா ஐயா?"

"ஒண்ணும் இல்ல மேடம். வாய்ப்புண்ணு மட்டும்தான். நல்லா கீறாங்க. ஏத்திடலாம்."

அதாவது, ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுற்றினேன். பார்க்காமல் இல்லை, பார்த்துவிட்டே சுற்றினேன். அன்றைக்குக் கப்பலில் செய்தது தப்பு. இதற்குப் பெயர் வேறு.

டாக்டர் தாளில் எழுதக் குனிந்தார். ரோசி வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டிக் குறுக்கே அசைத்தாள். நிறுத்து. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, குளிருகிறது போல என்று போர்வையை இழுத்து அவள் கைமேல் போட்டேன்.

பிள்ளைகளே, இதை எழுதும்போது என் கை கூசுகிறது. யார் சொன்னாலும் நிறுத்து என்பதுதான் என் முதல் பாடம். தூக்கு என்று சொல்ல ஒருவன் போதும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மச்சான் முன்னால் அதிகாரம் பண்ணினேன். அந்தப் பாடத்தின் மற்றப் பாதியைத்தான் போர்வைக்குள் மூடினேன். ஊருக்குத்தான் உபதேசம்.

போர்வை விலகி விழுந்தது. ரோசி இரண்டு கைகளையும் விரித்துவிட்டாள். ஊசி குத்திய கையும் சேர்த்து. டியூப் இழுபட்டு ஸ்டாண்டு ஆடியது. "ஐயோ, கைய ஆட்டாதீங்கம்மா," என்று நர்ஸ் ஓடி வந்து பிடித்தார். ரோசி கையை இறக்கவில்லை. இரண்டு கையும் நீட்டினால் என்ன அர்த்தம் என்று உங்கள் கையேட்டில் சிவப்பில் போட்டிருப்பார்கள்.

"என்னம்மா, என்ன வேணும்?" என்றார் டாக்டர். வாய்ப்புண் எரிச்சலில் அவளால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்தாள். டாக்டரும் நர்சும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பெரிய வார்டில் அந்தச் சைகைக்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஃபேன் போடச் சொல்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் இன்றைக்கு மருந்து இல்லை. மருந்து இல்லையென்றால் எண்ணூர் அம்மாவின் கதிதான் என்று எனக்கு அப்போது நிச்சயம். அவளைப் பிழைக்க வைக்கவே நான் பொய் சொல்கிறேன் என்றுதான் நம்பினேன். ஆனால் விரித்த கை விரித்தபடி நிற்கிறது. முப்பத்திரண்டு வருஷம் அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில் உடம்பு தானாக நின்று பழகிவிட்டது. புத்திக்கு முன்னால் வாய் பேசிவிட்டது.

"நிறுத்தச் சொல்றாங்க மேடம்."

"எதை?"

"மருந்த. காலையில ஜுரம் இருந்துச்சி. நூத்தி ஒண்ணு. நான்தான் மாத்திரை குடுத்து எறக்கிட்டேன்."

ரோசி கையை இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?" சொன்னேன். மருந்துப் பையைத் திருப்பி அனுப்பினார்கள். புதிதாக ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்கு முன்பே கிருமிக்கான மருந்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன். வெட்கம் முதலில் வரவில்லை, அவள்மேல் கோபம்தான் வந்தது. இத்தனை பாடுபட்டுக் கொண்டு வந்தேனே, கெடுத்துவிட்டாளே என்று. அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். மாத்திரையின் வேகம் தீர்ந்ததும் மத்தியானம் அவளுக்குக் குளிர் எடுத்தது. கட்டிலே ஆடியது. நாலு கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. அப்போதுதான் அந்தக் கோபம் போயிற்று. அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வயதான ஆம்பிளை அழுவதை வார்டே பார்த்தது, பார்க்கட்டும்.

சாயங்காலம் டாக்டர் ரிசல்ட்டோடு வந்தார். ஒரே ராத்திரியில் வெள்ளை அணு அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. வாய்ப்புண் வழியாகக் கிருமி உள்ளே இறங்கியிருந்தது. "இதுக்கு மேல அந்த மருந்தும் ஏறியிருந்தா நாம இப்ப ஐசியு வாசல்ல நின்னு பேசிட்டு இருந்திருப்போம்," என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஐயா, நான் இவங்கள மூணு வாரத்துக்கு ஒரு தடவை, அஞ்சு நிமிஷம் பார்க்கிறேன். மத்த நாள்ல வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்றத வச்சுத்தான் நான் செய்யறேன்," என்றார்.

கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று அப்போது எனக்கு உறைத்தது. சின்னப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பற்றி அன்றைக்குத்தான் கேட்டேன். எண்ணூரிலிருந்து வருவாரே, அவர் என்ன ஆனார் என்று. "அவங்களா, வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சு, நல்லா இருக்காங்களே," என்றார் நர்ஸ். நினைச்சியா, பாத்தியா என்று மேலே இருக்கிறவர் என் பிடரியில் தட்டியது போல இருந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் முழுக்க விட்டது. இரண்டு வாரம் தள்ளி நாலாவது தடவை மருந்து ஏறியது. கட்டி ஒன்றும் திரும்ப வளர்ந்துவிடவில்லை. அதற்குள் டாக்டர் அந்தச் சைகை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அதன் பிறகு எங்கள் கட்டிலுக்கு வந்தால், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ரோசியின் கையைப் பார்ப்பார். "அம்மா, கை என்ன சொல்லுது?" வாய்ப்புண் ஆறி நன்றாகப் பேச வந்த பிறகும் அப்படித்தான் கேட்டார். ஆறாவது தடவை முடிந்து, ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்கும் எதுவும் இல்லை என்று சொன்ன அன்றைக்கும் கேட்டார். ரோசி ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுற்றினாள். டாக்டரும் பதிலுக்கு விரலைச் சுற்றினார். நான் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வருகிறோம். முடி முன்னைவிடச் சுருட்டையாக வளர்ந்திருக்கிறது, அதில் அவளுக்குப் பெருமை. கூடையை ஆணியிலிருந்து எடுத்தாயிற்று. முதலில் கால் கிலோ நெத்திலியைத் தூக்கவே மூச்சு வாங்கினாள். இப்போது ஒரு முழு வஞ்சிரத்தை இழுத்துவிடுவாள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமலே இருந்தது. தேதி தள்ளினால் ஆபத்து என்று என்னைப் போலவே அவளும் வராந்தாவில் கேட்டவள்தான். அவளுக்கு மட்டும் எப்படி அந்தத் தைரியம் வந்தது? இதை எழுத உட்கார்ந்தபோது, போன வாரம்தான் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தைரியமா, அதெல்லாம் இன்னா தைரியம். எனக்கும் பயம்தான்யா. நீ பாக்காம தூக்குற. கீழ நான்ல கீறேன்?"

நீங்கள் நாளைக்குக் கிடங்கின் வாயோரம் நின்று விரலைத் தூக்கும்போது இந்த வார்த்தை ஞாபகம் வந்தால் போதும். வேறு எதையும் மறந்துவிடுங்கள். தெருவில் மீன்காரம்மா குரல் கேட்கிறது. ரோசி கூடையோடு பால்கனிக்குப் போய்விட்டாள். நான் கீழே போய் நிற்க வேண்டும்.